கையேடு எழுதுபவர் யார் பக்கத்தில் உட்கார வேண்டும்?

(மேற்கு மாம்பலத்தில் இளம் பட்டதாரிகளும் மென்பொருள் துறையில் பணியாற்றுவோரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேற்கு மாம்பலத்துக்குச் சொற்பொழிவு புதிதல்ல. அயோத்யா மண்டபத்து உபன்யாசங்களைக் கேட்டுப் பழகிய காதுகள் இவை. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், ஒரு நிறுவனத்தில் கையேடுகளையும் உதவிப் பக்கங்களையும் எழுதும் டெக்னிக்கல் ரைட்டிங் டீம் எந்தத் துறைக்குள் இருக்க வேண்டும், அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. 'அது அந்தந்தக் கம்பெனியின் உள் விவகாரம், மேடை போட்டுப் பேச என்ன இருக்கிறது' என்று சிலருக்குத் தோன்றலாம். இருக்கிறது. காலையில் மாம்பலம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறிக் கூடுவாஞ்சேரிக்குப் போகிறவர்களும், பஸ் பிடித்துத் தரமணிக்கும் சிறுசேரிக்கும் போகிறவர்களும் இந்தத் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். இந்த வேலையைச் செய்கிறவர்கள் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். மற்ற எல்லோரும் அந்த வேலையின் பலனை வீட்டில் தினமும் அனுபவிக்கிறோம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் ஒரு பிழைக்குறி மின்னுகிறது. வங்கிச் செயலியில் பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் திரை நிற்கிறது. அடுத்து என்ன செய்வது என்று அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். அல்லது அவரை எழுதவிடாமல் செய்திருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கையேடு நன்றாக அமைவதும் அமையாததும் எழுதுபவரின் திறமையைவிட அவர் நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் இடத்தையே அதிகம் பொறுத்தது. இடம்தான் இரண்டு விஷயங்களை முடிவு செய்கிறது. ஒன்று, பொருளைப் பற்றிய செய்தி அவருக்கு எப்போது வந்து சேர்கிறது என்பது. மற்றொன்று, 'இதை இப்படியே வெளியே அனுப்பக் கூடாது' என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சு எடுபடுமா என்பது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, இன்று எழுதுபவர்கள் எந்தெந்த வீடுகளில் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

பொறியாளர்களின் வீடு

கணினி உலகில் இந்தத் தொழிலின் முதல் பெயராகப் பலரும் சொல்வது ஜோசப் சாப்ளின். 1949இல் அமெரிக்காவின் எக்கர்ட்-மாக்லி நிறுவனம் கட்டிய பைனாக் கணினிக்குக் கையேடு எழுதியவர். கணினியை வடிவமைத்தவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்து எழுதினார். அப்போது வேறு எங்கும் இருந்து எழுதியிருக்கவும் முடியாது. அந்த இயந்திரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்தக் கூரைக்கு வெளியே கிடையாது.

நம் ஊரிலும் அப்படி ஒரு கட்டம் இருந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் 2009இல் ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது. ஆரம்பத்தில் அது விற்றது நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருளைக் கட்டுவதற்கான கருவித்தொகுப்பு. வாங்கியவர்கள் பொறியாளர்கள். வாங்கி, அதை வைத்துத் தங்கள் பொருளைக் கட்டினார்கள். இப்படிப்பட்ட சரக்குக்குக் கையேடு ஓர் இணைப்பு என்று நினைத்தால் தவறு. எந்தக் கட்டளை எதை எடுத்துக்கொள்ளும், எதைத் திருப்பித் தரும் என்று எழுதி வைக்காவிட்டால் அந்தச் சரக்கைப் பிரித்துக்கூடப் பார்க்க முடியாது. அங்கே எழுதுபவர் நிரல் எழுதுபவரின் பக்கத்து நாற்காலியில்தான் இருக்க வேண்டும்.

அதே நிறுவனம் 2002இல் மேனேஜ்இன்ஜின் என்ற வரிசையையும் 2005இல் ஜோஹோ ரைட்டரையும் கொண்டுவந்தது. இப்போது படிப்பவர் மாறிவிட்டார். ஒரு பள்ளியின் கணினி நிர்வாகியும், கடை வைத்திருப்பவரும், கணக்கு எழுதும் குமாஸ்தாவும் படிக்கிறார்கள். அவர்களுக்கு மென்பொருளின் உட்கட்டுமானம் வேண்டாம். 'இந்த மாதச் சம்பளப் பட்டியலை எப்படி எடுப்பது' என்பது வேண்டும். படிப்பவர் மாறும்போது எழுதுபவரின் பக்கத்து நாற்காலியும் மாற வேண்டும் என்பதுதான் இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். சென்னையின் பல நிறுவனங்கள் சரக்கை மாற்றின, சந்தையை மாற்றின. எழுதுபவரின் நாற்காலியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டன.

பொறியாளர்களின் வீட்டில் செய்தி சீக்கிரம் கிடைக்கும். அது பெரிய வரம். ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் குடியிருக்கும். அதன் விலை எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம், கனடாவில் செய்தது. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில் அந்த இயந்திரம் நின்று, திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று காட்டியது. 54 என்றால் என்ன என்று இயக்குபவரின் கையேட்டில் விளக்கம் இல்லை. இதுபோன்ற செய்திகள் அடிக்கடி வந்து போகும் என்பதால் இயக்கியவர் தொடரச் சொல்லும் பொத்தானை அழுத்தினார். நோயாளிக்கு இரண்டாம் முறையும் கதிர்வீச்சு பாய்ந்தது.

அந்த விபத்துக்கு மூல காரணம் மென்பொருளில் இருந்த பிழை. பழைய இயந்திரங்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டதும் ஒரு காரணம். நான் அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கட்டியவர்களுக்கு 54 என்பது உள்ளே புழங்கும் ஒரு குறியீடு. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் ஒவ்வொரு குறியீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, 'இது வந்தால் இயக்குபவர் என்ன செய்ய வேண்டும்? தொடரலாமா, கூடாதா?' என்று கேட்டுப் பதில் வாங்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்றிருந்தால், அந்தக் கேள்வியே பொறியாளர்களை யோசிக்க வைத்திருக்கும். நல்ல டெக்னிக்கல் ரைட்டர் செய்யும் முதல் வேலை இந்தக் கேள்வி. எழுதுவது இரண்டாவது வேலை.

விற்பனையின் வீடு

சில நிறுவனங்கள் எழுத்து என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைத்து, கையேடு எழுதுபவர்களை மார்க்கெட்டிங் துறையில் சேர்த்துவிடுகின்றன. இணையதளமும் அவர்களிடம்தானே இருக்கிறது, ஹெல்ப் பக்கமும் அதில்தானே வருகிறது என்பது வாதம். மார்க்கெட்டிங்காரர்களின் திறமையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர்கள் கடமை வேறு. வாங்காதவரை வாங்க வைப்பது அவர்கள் கடமை. வாங்கியவர் இடறிவிழாமல் பார்ப்பது எழுதுபவர் கடமை. ஒன்று பலத்தைச் சொல்லும். மற்றொன்று எல்லையையும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே மேலாளர் இரண்டையும் வைத்துக்கொண்டால் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விற்பனைக்குக் கொடுத்த வாக்கு கையேட்டின் உள்ளடக்கத்தை ஆளத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை போயிங் 737 மேக்ஸ் விமானம் உலகத்துக்குக் காட்டியது. பழைய 737 ஓட்டிய விமானிகளுக்குப் புதிதாக சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாது என்பது அந்த விமானத்தின் விற்பனைக் கவர்ச்சி. பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் கழித்துத் தருவதாக சவுத்வெஸ்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தமே இருந்தது. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே அழுத்தும் எம்காஸ் என்ற புதிய ஏற்பாடு அதில் இருந்தது. அதைப் பற்றிய விளக்கம் விமானிகளின் கையேட்டில் இடம்பெறவில்லை. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் விமானமும், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் விமானமும் விழுந்தன. 346 பேர் இறந்தார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையுடன் போயிங் செய்துகொண்ட உடன்பாட்டின் மதிப்பு 250 கோடி டாலருக்கு மேல். கையேடுகளிலும் பயிற்சிப் பாடங்களிலும் எம்காஸ் பற்றிய தகவல் இல்லாமல் போனது அந்த வழக்கின் மையத்திலேயே இருந்தது.

விமானத் துறை கையேடுகளை அலட்சியம் செய்யும் துறை என்று யாரும் சொல்ல முடியாது. எந்த அத்தியாய எண்ணில் எந்த உறுப்பு வர வேண்டும் என்று 1956இலேயே விதி செய்துகொண்ட துறை அது. எந்த நிறுவனத்தின் விமானமானாலும் சக்கரத்தொகுதியைப் பற்றி 32ஆம் அத்தியாயத்தில் பார்க்கலாம். அவ்வளவு ஒழுங்கு இருந்தும், என்ன இடம்பெற வேண்டும் என்ற முடிவு வேறு ஓர் அறையில் எடுக்கப்பட்டபோது ஒழுங்கு உதவவில்லை. 'இதை எழுதாமல் விடக் கூடாது' என்று சொல்லும் அதிகாரம் எழுத்துப் பக்கத்தில் யாருக்காவது இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வாடிக்கையாளர் சேவையின் வீடு

சப்போர்ட் துறைக்குள் எழுதுபவரை வைக்கும் வழக்கமும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. 2010இல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் - பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானது - விற்கும் பொருளே வாடிக்கையாளர் சேவை மென்பொருள். அந்த வகை மென்பொருளில் ஒரு பக்கம் புகார் டிக்கெட் வரும். இன்னொரு பக்கம் விடைக் கட்டுரைகளின் தொகுப்பு இருக்கும். டிக்கெட்டுக்குப் பதில் எழுதுகிறவரே அந்தப் பதிலைக் கட்டுரையாக்கிச் சேர்த்துவிட வேண்டும் என்ற முறையை 1990களிலிருந்தே அமெரிக்க நிறுவனங்கள் பல சேர்ந்து வளர்த்திருக்கின்றன.

சேவைத் துறையில் உட்கார்ந்தால் மக்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று உடனே தெரியும். ஒரே கேள்வி நூறு டிக்கெட்டாக வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடான கல்வி இல்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் மாதத்தில் சில மணி நேரமாவது சப்போர்ட் டிக்கெட்டுகளைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆனால் அங்கேயே நிரந்தரமாகக் குடிவைத்தால் ஒரு குறை உண்டு. சேவைத் துறைக்கு எந்தச் செய்தியும் கடைசியில்தான் வரும். வெளியீடு முடிந்து, வாடிக்கையாளர் விழுந்து, புகார் வந்த பிறகு எழுதத் தொடங்குவோம். விழுந்தவருக்கு மருந்து போடலாம்; பள்ளத்தை மூடச் சொல்லும் இடத்தில் நாம் இருக்க மாட்டோம்.

தனி வீடு

மற்றொரு வழி, எழுத்துக்கென்று தனித்துறை. இதற்கு நம் நாட்டில் ஒரு பெரிய உதாரணம் ரயில்வே. நம் பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலை 1955 முதல் ரயில் பெட்டிகளைக் கட்டுகிறது. வடிவமைப்புக்கும் தரத்துக்கும் லக்னோவில் ஆர்டிஎஸ்ஓ என்ற அமைப்பு. பராமரிப்பு முறைகளை மேம்படுத்தவும் அவற்றுக்கான கையேடுகளைத் தயாரிக்கவும் குவாலியரில் கேம்டெக் என்ற மையம். பெட்டிகளைப் பராமரிப்பவர்களோ பேசின் பிரிட்ஜ் போன்ற டிப்போக்களில் இருக்கிறார்கள். பழைய ஐசிஎஃப் வடிவப் பெட்டிகளைக் கட்டுவது 2018இல் நின்று, ஜெர்மனி வழி வந்த எல்எச்பி பெட்டிகள் தயாரிப்பில் அந்த இடத்தைப் பிடித்தன. சக்கரத்தைக் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் பிரேக் போய், அச்சில் பொருத்திய டிஸ்க் பிரேக் வந்தது. திருகு இணைப்பு போய், நடுவில் தானாகக் கவ்விக்கொள்ளும் இணைப்பு வந்தது. ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் கையால் அறிந்து வைத்திருந்த வேலை மாறியது. அந்த மாற்றத்தை அவர்கள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கையேட்டின் பொறுப்பு.

தனித்துறையின் பலம் இங்கே தெரிகிறது. கேம்டெக் கையேடுகளில் திருத்தச் சீட்டுகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். பின்னால் வரும் திருத்தங்களுக்கு எப்படி எண் தரப்படும் என்று முன்கூட்டியே அச்சிட்டிருப்பார்கள். கையேடு வெளியான அன்றே அது மாறப் போகிறது என்று ஒப்புக்கொள்ளும் இந்த அடக்கம் கையேட்டைத் தன் பொறுப்பாகக் கொண்ட ஒரு துறைக்குத்தான் வரும். எந்த மென்பொருள் நிறுவனமும் இதை ரயில்வேயிடம் கற்றுக்கொள்ளலாம். பொதுவான நடை, பொதுவான சொல்வழக்கு, ஒரே எச்சரிக்கையை ஓர் இடத்தில் எழுதி ஐம்பது கையேடுகளில் பயன்படுத்துவது ஆகியவையும் தனித்துறையில்தான் வளரும். ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்து 2005இல் பொதுத் தரநிலையாக ஆன டிட்டா என்ற முறை அப்படிப்பட்ட ஒரு பெரிய எழுத்துத் துறையின் தேவையிலிருந்து வந்ததுதான்.

பலவீனம் தொலைவு. பெட்டி பெரம்பூரில், தரம் லக்னோவில், எழுத்து குவாலியரில், ஸ்பானர் பேசின் பிரிட்ஜில். கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. தமிழில் மட்டும் சரளமாகப் படிக்கும் ஃபிட்டருக்கு மேஸ்திரியின் வாய்வழிப் பாடம்தான் கையேடு. ரயில்வே போன்ற ஒரு பேரமைப்பு இந்தத் தொலைவைச் சுற்றறிக்கைகளாலும் பயிற்சிப் பள்ளிகளாலும் ஓரளவு ஈடுகட்டும். 200 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் தனித்துறை என்பது மூலையில் ஒரு தீவாக முடிந்துவிடும். ரிலீஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோப்பு வரும். 'கொஞ்சம் இங்கிலீஷ் பார்த்துக் கொடுங்கள்' என்று குறிப்பு வரும். இலக்கணம் பார்க்க நேரம் இருக்கும். பொருள் சரியா என்று பார்க்க நேரம் இருக்காது.

வீடே இல்லாதவர்கள்

சென்னையில் இன்னும் இரண்டு வகை இருக்கிறது. உங்களில் பலர் அதில்தான் இருக்கிறீர்கள். ஒன்று சர்வீஸ் கம்பெனி. அங்கே எழுதுபவர் வாடிக்கையாளரின் ப்ராஜெக்ட்டுக்குக் கணக்கு எழுதப்படும் ஒரு தலை. ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்ததற்குக் காத்திருக்கும் பெஞ்ச்; அடுத்தது வங்கியாக இருக்கலாம், மருத்துவக் கருவியாக இருக்கலாம். ஒரு பொருளோடு ஐந்து வருடம் வாழ்ந்து அதன் குணம் தெரிந்தவர் என்று யாரும் உருவாகவே முடியாது. மற்றொன்று வெளிநாட்டு நிறுவனத்தின் சென்னைக் கிளை. அப்ரைசல் எழுதும் மேலாளர் இங்கே, வேலை கொடுக்கும் மேலாளர் கலிபோர்னியாவில். நேர வித்தியாசம் பன்னிரண்டு மணிக்கு மேல். இங்கே சந்தேகம் எழும்போது அங்கே தூக்கம். வடிவமைப்புக் கூட்டம் நமக்கு நள்ளிரவில் நடக்கும். அதன் சுருக்கம் மறுநாள் மின்னஞ்சலில் வரும். பேச்சில் இருந்த தயக்கமும் கருத்து வேறுபாடும் சுருக்கத்தில் இருக்காது. ஒரு நல்ல டெக்னிக்கல் ரைட்டருக்குத் தேவையானது அந்தத் தயக்கம்தான். பொறியாளர் எங்கே தயங்குகிறாரோ அங்கேதான் பயன்படுத்துபவரும் தடுக்கி விழுவார்.

1968இல் மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் ஓர் உண்மையைச் சொன்னார்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சாகவே இருக்கும். கையேட்டுக்கும் அது அப்படியே பொருந்தும். ஒரு ஹெல்ப் தளத்தைத் திறந்து, தலைப்புகள் நீங்கள் செய்ய வேண்டிய வேலையின் வரிசையில் இருக்கின்றனவா, அந்தக் கம்பெனியின் துறைகளின் வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால், அங்கே எழுதுபவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்களுக்குள் பேச்சு இல்லை என்று கம்பெனிக்குள் போகாமலே சொல்லிவிடலாம்.

என் விடை

அப்படியானால் எங்கே வைப்பது? இந்தப் பகுதியில் தெருவுக்குத் தெரு ஆடிட்டர் அலுவலகப் பலகை தொங்குகிறது, சி.ஏ. படிக்கும் பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்கு ஒரு விஷயம் பாடமாகவே தெரியும். உள்தணிக்கையாளர் நிறுவனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு புரியாது. ஆனால் யாருடைய கணக்கைப் பார்க்கிறாரோ அவருக்கே அடங்கியவராக இருக்கக் கூடாது, இருந்தால் உண்மை வராது. அதனால்தான் அவர் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவுக்கு நேரடியாக அறிக்கை தருவது நல்ல நடைமுறை என்கிறோம். கையேடு எழுதுபவருக்கும் இதே இரட்டை நிலை வேண்டும்: வேலைக்கு மிக அருகில், அதிகாரத்தில் ஓரளவு தனியாக.

நடைமுறையில் இதற்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. எழுதுபவர்கள் அன்றாடம் உட்கார வேண்டியது பொருளைக் கட்டும் குழுவோடு. காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் அவர்களும் நிற்க வேண்டும். ஆனால் அவர்கள் அனைவருக்கும் ஒரே தலைவர், எழுத்துத் தொழில் தெரிந்தவர், இருக்க வேண்டும். அந்தத் தலைவர் பொருளின் போக்கைத் தீர்மானிக்கும் ப்ராடக்ட் துறைத் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். எது வெளியே போகும், எப்போது போகும், யாருக்காகப் போகும் என்ற மூன்று கேள்விகளும் ஒரே மேஜையில் பேசப்படுவது அங்கேதான். கட்டுபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவில் நிற்பது அந்தத் துறையின் வேலை. எழுதுபவரின் வேலையும் அதேதான்.

ஏற்பாட்டை வரைபடத்தில் போட்டால் மட்டும் போதாது. அதோடு மூன்று உரிமைகள் எழுத்தில் இருக்க வேண்டும். வடிவமைப்புக் கூட்டத்துக்கு எழுதுபவருக்கு அழைப்பு போக வேண்டும். முடிந்த திரையை எடுத்துக்கொண்டு வந்து எழுதச் சொல்லக் கூடாது. வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியலில் கையேட்டுக்கு ஒரு வரி இருக்க வேண்டும், அந்த வரியில் எழுத்துத் தலைவர் கையெழுத்திட வேண்டும். மீறி அனுப்பினால் யார் அனுப்பினார் என்று பெயர் பதிவாக வேண்டும். எழுதுபவரின் சம்பள உயர்வை எழுத்துத் தெரிந்தவர் எடை போட வேண்டும். எழுதிய பக்கங்களை எண்ணிப் பார்த்து மதிப்பெண் போட்டால், தேவையில்லாத பக்கங்கள்தான் பெருகும். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதும் குழுவின் மேலாளரே ஐந்து எழுத்தாளர்களுக்கு மதிப்பெண் போட்டார். யார் கேள்வி கேட்காமல் சீக்கிரம் முடித்தாரோ அவருக்கு முதலிடம் கிடைத்தது. கேள்வி கேட்டவர் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டார். இழப்பு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு.

மூன்று ஆட்சேபணைகள்

இதற்கு வழக்கமாக வரும் மறுப்புகளை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

'நாங்கள் அஜைல் முறையில் வேலை செய்கிறோம். ஆவணம் இரண்டாம் பட்சம்' என்பார்கள். 2001இல் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளை மேலாக மதிப்பதாகச் சொல்கிறது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அங்கே குறிவைத்தது, கட்டுவதற்கு முன்னால் மலையாகக் குவிந்த திட்ட ஆவணங்களை. பயன்படுத்துபவர் கையில் இருக்கும் உதவிப் பக்கம் இயங்கும் மென்பொருளின் ஓர் உறுப்பு. ஸ்பிரிண்ட் என்னும் இரண்டு வாரச் சுற்றில் ஒரே எழுத்தாளரை ஐந்து குழுக்களுக்குப் பங்கு போட்டுவிட்டு, எழுத்து தாமதமாகிறது என்று குறைசொல்வதில் நியாயம் இல்லை.

'அந்த உரிமையெல்லாம் விமானத்துக்கும் மருத்துவமனைக்கும் சரி. நாங்கள் மிக்ஸி விற்கிறோம்' என்பது இரண்டாவது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 84ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தீங்கு நேராமல் சரியாகப் பயன்படுத்தும் முறை போதுமான அளவு சொல்லப்படாவிட்டாலும், தவறாகப் பயன்படுத்துவது பற்றிய எச்சரிக்கை இல்லாவிட்டாலும், உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும். உற்பத்திக் குறைக்கும் வடிவமைப்புக் குறைக்கும் பக்கத்திலேயே, அவற்றுக்குச் சமமாக, அறிவுறுத்தலின் குறையையும் சட்டம் வைத்திருக்கிறது. சட்டம் அப்படி வரிசைப்படுத்திய பிறகு நிறுவனம் அதைக் கடைசி வரிசையில் வைக்க முடியாது.

மூன்றாவது, இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது: 'செயற்கை நுண்ணறிவு எழுதிவிடும், டீம் எதற்கு?' இந்தத் தொழிலுக்கு நல்ல காலம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 1953இல் தொடங்கிய அமெரிக்காவின் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் சங்கம், இந்தியாவிலும் கிளை வைத்திருந்த சங்கம், 2025 ஜனவரியில் மூடப்பட்டது. ஆனால் இந்தக் கருவிகள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் அரட்டை உதவியாளர் பதில் சொல்வது அந்த நிறுவனத்தின் ஹெல்ப் பக்கங்களைப் படித்துத்தான். போன வருடத்துப் பக்கம் திருத்தப்படாமல் கிடந்தால், முன்பு பத்து பேர் தேடிப் படித்து ஏமாந்தார்கள். இப்போது பதினாயிரம் பேருக்கு அதே தவறு நம்பிக்கையான குரலில் சொல்லப்படுகிறது. வாக்கியம் அமைப்பதைக் கருவியிடம் விடலாம். வடிவமைப்புக் கூட்டத்தில் பொறியாளர் தயங்கியதைக் கவனித்து, 'ஏன் தயங்குகிறீர்கள்?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். டீம் சிறியதாகலாம். சிறியதாக ஆக ஆக, அது சரியான இடத்தில் இருப்பது இன்னும் அவசியமாகிறது.

கேட்க வேண்டியவை

இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில இலக்கியம் படித்தவர்களும், இயற்பியல் படித்தவர்களும், பொறியியல் படித்து எழுத்தில் ஆசை வைத்தவர்களும் இருக்கிறீர்கள். இந்தப் பகுதி தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பல தலைமுறைகள் அலுவலகம் போன பகுதி. அவர்கள் சொன்னதைப் பிசகாமல் எழுதினார்கள். அந்த ஒழுக்கம் பெரிது. உங்கள் வேலை அதற்கு மேல் ஒரு படி கேட்கிறது: சொல்லாமல் விட்டதையும் கேட்டு எழுத வேண்டும். ஆகவே நேர்முகத் தேர்வில் சம்பளம் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். என் மேலாளர் எந்தத் துறையில் இருக்கிறார்? ஒரு புதிய வசதியைப் பற்றி எனக்கு முதலில் எந்தக் கட்டத்தில் தெரியவரும்? கையேடு தயாராகாமல் ஒரு வெளியீடு தள்ளிப்போனது எப்போதாவது நடந்திருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் அந்த நிறுவனம் உங்களை எங்கே வைக்கப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை அலுவலகத்துக்குப் போனதும் உங்கள் அமைப்பு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எழுதுபவர்களின் பெயர் எந்தக் கோட்டின் முனையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அடுத்த வெளியீட்டின் வடிவமைப்புக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரை அழையுங்கள். துறையை மாற்ற ஒரு வருடம் ஆகலாம், பட்ஜெட் பேச வேண்டியிருக்கும். கூட்டத்துக்கு அழைக்க ஒரு மின்னஞ்சல் போதும். அங்கிருந்து தொடங்குங்கள். அவர் அந்தக் கூட்டத்தில் கேட்கும் முதல் கேள்வி உங்கள் வாடிக்கையாளர் கேட்கப் போகும் கேள்வி. அதைப் பொருள் கடைக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிட ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். கேட்கும் இடத்தில் அவரை உட்கார வையுங்கள்.